தெருவோடு சேர்ந்து குனிந்த கோடு

ஜூலை 3

அன்பும் அடக்கமும் நிறைந்த தம்பி, கோபமும் கண்ணாடியும் நிறைந்த அக்காவுக்கு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறைக் கதவு சென்ற செவ்வாய்க்கிழமை முதல் தன் பதவியை ராஜினாமா செய்துவிட்டது. இனி அது மூடாது. பாதி வரை வரும், சட்டத்தில் முட்டும், நின்றுவிடும். அப்பா தோளால் இடித்தார். அம்மா எண்ணெய் விட்டாள். நான் அறிவுரை விட்டேன். அசையவில்லை. ஆகவே குளிப்பவர் குளித்து முடிக்கும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறோம். பாட்டு நின்றால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். அப்பாவுக்குப் பாட்டு வராது. அதனால் சலவைக்கு வந்த துணிகளை ராகம் போட்டு இழுக்கிறார். "பேண்ட்டு ஏழூஊ... கலர் சட்டை தனீஈ..." தெருவில் போகிறவர்கள் நின்று கேட்கிறார்கள்.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். அப்பாவின் போனில் ஸ்பீக்கர் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. நீ "ஹலோ" என்றால் கடை முழுக்க "ஹலோ" என்கிறது. நம் ரகசியங்களுக்குத் தபால்தான் லாயக்கு.

இன்னொன்று. மாநகராட்சியிலிருந்து ஒரு என்ஜினியர் அம்மா மூன்று கால் கருவியோடு வந்து தெருவையே ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கருவிக்கு முன்னால் போய்ப் பல்லைக் காட்டினேன். "தம்பி, உன் பல்லு மட்டமா இல்ல. கொஞ்சம் தள்ளு" என்றார். எனக்குச் சரியான ஜோடி.

"வீடு கோணுதா மேடம்?" என்று கேட்டாள் அம்மா.

"வீடு கோணலம்மா. தரை எறங்குது" என்றார், விலை இறங்குகிறது என்பதுபோல.

உண்மைதான் போலிருக்கிறது. தெருவில் கோலியை எங்கே விட்டாலும் கடைசியில் நம் கடை வாசலுக்கு வந்துவிடுகிறது. வாடிக்கையாளர்கள்தான் வர மாட்டேன் என்கிறார்கள். கடல் ஏறும் சாயங்காலங்களில் சாக்கடை மூடிகளின் ஓட்டை வழியாகத் தண்ணீர் மெல்ல மேலே வந்து தெருவில் படுத்துக்கொள்கிறது. விளக்குகள் தலைகீழாக எரிகின்றன. நேற்று நான் அதற்குள் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் ஒரு சலவைக்கடை, அங்கேயும் ஒருவன் எட்டிப் பார்க்கிறான். என்னைவிட அழகு கம்மி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் ஒரே தம்பி (போதும் என்று அம்மாவே சொல்லிவிட்டாள்)

*

ஜூலை 14

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். சளி மட்டும் என்னைவிட நலமாக இருக்கிறது. இந்த மலையூரில் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலியில் உட்காருகிறது. பட்டறையில் நாளெல்லாம் லென்ஸ் தேய்க்கிறேன். சக்கரத்திலிருந்து வெள்ளைத் தண்ணீர் வழிந்து முழங்கை வரை பால் ஊற்றினது மாதிரி ஆகிவிடுகிறது. தேய்த்த லென்ஸைத் தூக்கிப் பிடித்தால் எதிர்மலை தலைகீழாகத் தெரியும். நீ எழுதிய தெருவிளக்கு அப்போது ஞாபகம் வந்தது.

கதவுக்குச் சிரித்தேன். கோலிக்குச் சிரிக்கவில்லை. கோலி எங்கே போகிறதோ அங்கேதான்டா தண்ணீரும் போகும்.

இங்கே பட்டறைக்குப் பின்னால் ஒரு வீடு காலியாகிறது. இரண்டு அறை, கீழே கடை போட இடம். எனக்காக வைத்திருப்பதாக வீட்டுக்கார அம்மா சொல்லியிருக்கிறார். புயல் மாதங்களுக்கு முன்னால் நீங்கள் மூன்று பேரும் இங்கே வந்துவிட வேண்டும். நான் சொன்னால் அப்பா, "கடல் இல்லாத ஊர்ல காத்து எங்கேருந்து வரும்?" என்பார். நீ பக்கத்திலேயே இருக்கிறாய். சந்தர்ப்பம் பார்த்துப் பேசு. விளையாட்டு வேண்டாம்.

அம்மாவின் முட்டிவலி எப்படி?
அக்கா

*

ஜூலை 30

மேன்மை தங்கிய அக்காவின் சளிக்கு வணக்கம். அம்மாவின் முட்டி தேவலை. படி ஏறும்போது மட்டும் அது தனியாகப் பேசுகிறது.

நீ சொன்ன வேலை முடிந்தது! என்ஜினியர் அம்மா மறுபடி வந்தார். டீ குடித்துக்கொண்டே அப்பாவுக்குப் பாடம் எடுத்தார். "பூமிக்கு அடியில ஈரப் பஞ்சு மாதிரி தண்ணி நெறஞ்சிருக்கு சார். எல்லாரும் போர் போட்டு உறிஞ்சுறோம். பஞ்சு அமுங்குது. அமுங்கினது திரும்ப உப்பாது."

அப்பா கையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றார். "அப்ப நான் நாலு சட்டை தொவச்சதுக்கா ஊரே எறங்குது?"

"நீங்க மட்டுமில்ல. ஐஸ் கம்பெனி, ஓட்டல், எல்லாருந்தான். உங்க மோட்டார் கொஞ்சம் சத்தமா உறிஞ்சுது, அவ்ளோதான்."

அன்று சாயங்காலம் அப்பா மோட்டாரை நிறுத்திவிட்டார். காலையில் துணி மலையாகக் கிடந்ததால் மறுபடி போட்டார். போட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"புயல் வந்தா தண்ணி எவ்ளோ ஏறும்?" என்று கேட்டதற்கு அந்த அம்மா, "சொல்ல முடியாது சார். காத்தைப் பொறுத்தது. அந்நேரம் கடல் ஏத்தமா எறக்கமான்றதைப் பொறுத்தது" என்றார். அப்பாவுக்கு இந்த மாதிரிப் பதில் ஆகாது. சாப்பிடும்போது தானாகவே, "மழைக்காலத்துக்கு மட்டும் பெரியவ கிட்ட போயிட்டு வரலாமா?" என்றார். அம்மா உடனே பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை. என் மௌனத்துக்கு அவ்வளவு சக்தி.

ஆனால் தெரு முழுக்க ஒரே கேள்வி: எவ்வளவு ஏறும்? எவ்வளவு ஏறும்? பாவமாக இருந்தது. ஆகவே நான் பதில் சொல்லிவிட்டேன்.

கடைப் பலகைக்கு வாங்கிய நீல பெயிண்ட் மிச்சம் இருந்ததல்லவா? சட்டைக்குள் வைத்து மடிக்கிற அட்டையில் எழுத்து வெட்டினேன். துணி தூக்குகிற கம்பில் அடையாளத்துக்கு ஒரு கயிறு கட்டினேன். விடியும் முன்பே தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, வாசலுக்கு வாசல் கம்பைத் தரையில் ஊன்றி, கயிறு காட்டிய உயரத்தில் ஒரே நீலக் கோடு. அதன்மேல் அச்சு எழுத்தில்: "புயல் நீர் இதுவரை". காலையில் தெருவே மாநகராட்சியைப் பாராட்டியது!

உயரத்தை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்காதே. கண் அளவு, கணக்கு, கொஞ்சம் பிறவி ஞானம்.

சளி சௌக்கியமா?
தம்பி (மாநகராட்சியின் ரகசியத் தலைமைப் பொறியாளன்)

*

ஆகஸ்ட் 9

வாலு,

சளி போய்விட்டது. நீ எழுதியதைப் படித்து வந்த சிரிப்பிலேயே போயிருக்கும். சிரித்தது என் தப்பு.

கோட்டை அழித்துவிடு. இன்றைக்கே. படித்த அந்த அம்மாவே சொல்ல முடியாது என்றதை நீ எப்படிடா சொல்வாய்? அப்பாவிடமும் சொல்லிவிடு. ரெண்டு திட்டு திட்டுவார், மூன்றாவது திட்டில் சிரிப்பார்.

நேற்று ஒரு கனவு. உன் கோடு தெருவை விட்டுக் கிளம்பி மலை ஏறி வந்து பட்டறைக்குள் நுழைகிறது. என் மேசையில் இருக்கும் லென்ஸ் ஒவ்வொன்றின் நடுவிலும் நீலமாக ஓடுகிறது. நான் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், போகவே இல்லை.

அப்பா வருகிறேன் என்றது நிஜம்தானே? வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவை வெந்நீரில் காலை வைக்கச் சொல்.

அக்கா

*

செப்டம்பர் 2

அக்காவுக்கு, தாமதத்துக்கு மன்னிப்போடு. எல்லோரும் சௌக்கியம். அம்மா வெந்நீரில் கால் வைத்துக்கொண்டே அரிசி பொறுக்குகிறாள்.

அழிக்கத்தான் நினைக்கிறேன். ஆனால் பெயிண்ட் ரொம்ப நல்ல பெயிண்ட். கோடும் ரொம்ப நல்ல கோடு. நீ வந்து பார்க்க வேண்டும்! முன்னெல்லாம் கடலைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள். இப்போது இடுப்புக்கு மேல் கையை வைத்து, "இவ்ளோதானே!" என்கிறார்கள். மேட்டுக் கோடியில் மாடி வீட்டுத் தையற்காரர் தன் துணிச் சுருள்களைக் கோட்டுக்கு மேலே அடுக்கிவிட்டார். கோட்டுக்குக் கீழே உள்ள ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்த வீடும் உண்டு. சாயங்காலத்தில் தெருத் தண்ணீருக்குள் பார்த்தால் கோடு இரண்டாகத் தெரிகிறது. ஒன்று சுவரில், ஒன்று அடியில். நடுவில் நாம் மிதக்கிறோம்.

அப்பாவும் கடைக்குள் கோட்டின் உயரத்துக்கு ஒரு மேடை கட்டி சலவை இயந்திரத்தை ஏற்றிவிட்டார். நாலு பேர் தூக்கினார்கள், நான் மேற்பார்வை.

சொல்ல மறந்தேனே, சின்ன விஷயம். அப்பா இந்த மழைக்காலத்துக்கு அங்கே வரவில்லையாம். ஏன் என்று தெரியவில்லை. பெரியவர்கள் மனசை யார் கண்டது?

மலைக் காற்றில் காதை மூடிக்கொள்.
தம்பி

*

செப்டம்பர் 10

தம்பி,

நலம். விசாரிப்பெல்லாம் அப்புறம்.

வருகிறேன் என்றவர் ஏன் வரவில்லை? போனில் கேட்டேன். கடையே கேட்கிற மாதிரி, "எல்லாம் பாத்துக்கலாம்மா, இங்க ஏற்பாடு ஆயிடுச்சு" என்கிறார். என்ன ஏற்பாடு? அந்த மேடையா?

கோடு இன்னும் இருக்கிறதா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது.

அக்கா

*

அக்டோபர் 6

தம்பி,

நீ பதில் எழுதவில்லை. ஒரு வார்த்தைதானே கேட்டேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பட்டறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறோம். காலி வீட்டைப் பெருக்கிவிட்டு வந்தேன். நீ தூங்க வேண்டிய ஜன்னலோரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கீழே பனி மட்டும்தான். காற்றில் அது அலை மாதிரி வந்து வந்து போகிறது. உனக்குக் கடல் இல்லாத குறை தெரியாது.

ரேடியோவில் தாழ்வு மண்டலம் என்கிறார்கள். அம்மாவையாவது அனுப்பு. எல்லோரும் நலமா?

அக்கா

*

அக்டோபர் 21

வீராங்கனையின் தம்பி மாவீரன் எழுதுவது. தையற்காரர் போனில் அப்பா "எல்லாரும் நல்லாருக்கோம்" என்று சொல்லி முடிப்பதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அதனால் விரிவான செய்தி இதோ. எல்லோரும் முழுசாக இருக்கிறோம்.

புயல் கரையைக் கடந்து காற்றும் ஓய்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்று விடியற்காலையில் கதவைத் திறந்தோம். கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம் அக்கா. தண்ணீரோ சாக்கடை மூடிகளைத் தூக்கிக்கொண்டு காலடியிலிருந்து வந்தது. தெரிந்தவர் கொல்லைப்புறமாக வருவது மாதிரி, சத்தமே இல்லை. அப்புறம் கடற்சுவருக்கு மேலாகவும் வழிந்தது. வெளிச்சம் சாம்பலாக இருந்தது. மிதியடிகள் ஜோடி ஜோடியாக எங்கோ புறப்பட்டுப் போயின. கடைக்குள் கூரைக் கம்பியில் தொங்கிய வெள்ளைச் சட்டைகளின் கைகள் மட்டும் தண்ணீரில் மிதந்து மெல்ல மெல்ல உயர்ந்தன, ஒரு வகுப்பே பதில் தெரிந்து கை தூக்குவது மாதிரி. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

பிறகு விழித்துக்கொண்டேன்! அம்மாவை முன்னால் விட்டு, அப்பாவுக்குக் கை கொடுத்து, தெரு நெடுக மீன் மாதிரி நீந்தி, எல்லோரையும் தையற்காரர் மாடியில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் யார் என்று நினைக்கிறாய்? அடியேன்தான்.

இன்னும் கேள். தையற்காரர் வீட்டுச் சுவரில் தண்ணீர் என் கோட்டுக்கு நாலு விரல் கீழேயே நின்றுவிட்டது! அவருடைய ஒரு சுருள்கூட நனையவில்லை. "மாநகராட்சிக்காரன் கில்லாடிப்பா" என்று அவர் கோட்டைத் தடவிக் கொடுத்தார். நான் அடக்கமாக வேறு பக்கம் பார்த்தேன்.

காதை மூடிக்கொள், காய்ச்சலுக்கு இடம் கொடுக்காதே.
தம்பி

*

அக்டோபர் 27

தம்பி,

எல்லோரும் முழுசாக இருக்கிறீர்கள் என்ற வரியை நூறு தடவை படித்தேன். பிறகுதான் மற்றதைப் படித்தேன்.

தையற்காரர் சுவரைப் பற்றி எழுதினாய். நம் சுவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கம்பியில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று சட்டை மாட்டியவள் நான். கீழே நின்றால் சட்டைக் கை என் தோளில்தான் இடிக்கும். அந்தக் கைகள் தண்ணீரில் மிதந்தன என்றால் தண்ணீர் எங்கே இருந்தது? அப்பா கட்டிய மேடை எங்கே இருந்தது?

நீ இன்னும் தையற்காரர் மாடியில் இருந்துதான் எழுதுகிறாயா?

அக்கா

*

நவம்பர் 1

அன்பு மகளுக்கு அப்பா ஆசீர்வாதம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நாங்கள் தையற்காரர் மாடியில் இருக்கிறோம். நல்ல மனுஷன். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. இயந்திரம் போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை, அடுத்தவர் துணி போய்விட்டது. எந்த முகத்தோடு பதில் சொல்வேன் என்று தெரியவில்லை.

நீ கூப்பிட்டபோதே வந்திருக்க வேண்டும். வரத்தான் இருந்தேன். மாநகராட்சியில் கோடு போட்டார்கள், இதுவரைதான் என்று. அதை நம்பி இருந்துவிட்டேன். நம் கடையில் கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு முழம் ஏறிவிட்டது. அடுத்த வாரம் மாநகராட்சியில் குறை கேட்கும் கூட்டம். தெருவே போகிறது. அந்த என்ஜினியர் அம்மாவை நாலு கேள்வி கேட்காமல் விட மாட்டோம். வேலையை விட்டே தூக்கச் சொல்லி எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம்.

உன் தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை. சேட்டையும் இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.
அப்பா

*

நவம்பர் 4

தம்பி,

அப்பா எழுதியிருந்தார். அந்த அம்மாவை வேலையை விட்டுத் தூக்கப் போகிறார்களாம்.

நான் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவன் நீ.

சாப்பிடுடா.
அக்கா

*

நவம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சாப்பிடுகிறேன். அம்மாவும் அப்பாவும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

கூட்டத்துக்குப் போனேன். ஈரம் காயாத பெரிய கூடம். நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் பின்பக்கம் நனைந்தது. யாரும் சிரிக்கவில்லை, நானும்தான். அப்பா எழுந்து, "அளக்கத் தெரியாம எதுக்கும்மா கோடு போட்டீங்க?" என்று கேட்டார். அந்த அம்மா, "நாங்க கோடே போடல சார்" என்றார். ஒருத்தரும் நம்பவில்லை. "அப்ப கோடு தானா மொளச்சுதா?" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

நான் எழுந்து, "நான்தான் போட்டேன்" என்றேன்.

கூடமே சிரித்தது. "உக்காருடா, வெளையாடுற நேரமா இது?" என்றார் அப்பா. என் வாழ்க்கையில் முதல்முறையாக நிஜம் சொன்னேன், அதற்கு இந்த மரியாதை.

வேறு வழி தெரியவில்லை. சுவரோரமாகப் போய் நின்று கையை மடக்கிக் காட்டினேன். கோடு என் முழங்கை உயரம். அவ்வளவுதான் அக்கா அதன் கணக்கு. அந்த உயரத்தில் வரைந்தால் கை வலிக்காது. சிரிப்பு ஒவ்வொரு நாற்காலியாக நின்றது.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "கோடு அழகா இருந்துச்சு தம்பி. நான்கூடப் பாத்து, கட்சிக்காரங்க யாரோ போட்டதுன்னு விட்டுட்டேன். ஆனா நீ தரையிலேருந்து அளந்திருக்க. தரை எறங்கின எடத்துல கோடும் தெருவோட சேர்ந்து குனிஞ்சிடுச்சு. தண்ணி குனியாதுப்பா" என்றார். கோலி எங்கே போகிறது என்று தெரிந்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

திரும்பி வரும்போது அப்பா அடிப்பார் என்று அரை அடி தள்ளியே நடந்தேன். அவர் தெரு முனையில் நின்று, "யாரோ ஒருத்தர் அளந்து பாத்திருக்காங்கன்னு நெனச்சேண்டா. அந்தத் தைரியத்துல நல்லாத் தூங்கினேன்" என்றார். கொஞ்ச தூரம் நடந்தபின், "பெரியவளுக்கு எழுது. வர்றோம்னு" என்றார். மோட்டாரைக் கழற்றித் துளையை மூடச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கிளம்புகிறோம்.

நீ செப்டம்பரில் கேட்டாயே, அப்பா ஏன் வரவில்லை என்று. எனக்குத் தெரியும். கோட்டைப் பார்த்ததும் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினார். ஏற்றிக் கொடுத்தது நான்தான். எனக்கு அங்கே வர இஷ்டமில்லை. அதனால்தான் பெயிண்ட் அவ்வளவு நல்ல பெயிண்டாக இருந்தது.

இன்னும் ஒன்று பாக்கி. இதைப் படித்ததும் கிழித்துவிடு.

நான் நீந்தவில்லை. எனக்கு நீச்சலே தெரியாது. கடற்கரையில் நான் நீந்துவதாக நீ பார்த்ததெல்லாம் ஒரு கால் தரையில் ஊன்றிக்கொண்டுதான். அன்று அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள், முட்டிவலியோடு, சுவரைப் பிடித்து. தண்ணீர் அப்பாவின் மார்பு வரை. நான் அவர் தோளில். இந்த வயதில் அக்கா, மீசை அரும்பிய பிறகு! தெருவே மாடியிலிருந்து பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு அவர் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். "முடியை விடுடா, இருக்கிறதே கொஞ்சம்" என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் கேட்டது. நான் விடவில்லை.

தம்பி